படையில் வந்ததா, படையால் வந்ததா? டிஸெபிலிட்டி பென்ஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் பக்கத்துப் பட்டாளத்துக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. யூனிட் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவன் என்பதால் கல்யாண வீட்டில்கூட யாராவது ஒரு கவரை நீட்டிவிடுகிறார்கள். சந்தேகம் ஒன்றேதான், ஆள்தான் வேறு. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். இது ராணுவம், கடற்படை, விமானப்படைக்காரர்களுக்கானது. அதிலும் அதிகாரிகள் அல்லாத மற்ற ரேங்குகளை மனதில் வைத்து எழுதியது.

அண்ணாச்சி, நான் சாதா பென்ஷன் வாங்கிட்டுதான் இருக்கேன். டிஸெபிலிட்டி பென்ஷன்னு தனியா ஒண்ணு வருமா?

வரும். டிஸெபிலிட்டி பென்ஷனில் இரண்டு துண்டு உண்டு. ஒன்று சர்வீஸ் எலிமென்ட், அதாவது செய்த வேலைக்கான பங்கு. இன்னொன்று டிஸெபிலிட்டி எலிமென்ட், உடலுக்கு வந்த கேட்டுக்கான பங்கு. முழு சர்வீஸ் முடித்து வந்தவருக்கு முதல் துண்டு ஏற்கெனவே சாதா பென்ஷனாக வந்துகொண்டிருக்கிறது. அவர் கேட்க வேண்டியது இரண்டாவதை மட்டும்.

கணக்கு இதுதான். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம், அதற்குக் கீழே விகிதப்படி குறையும். கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 100 சதவீதத்துக்கு மாதம் 12,000, 50 சதவீதத்துக்கு 6,000. அதன் மேல் அகவிலை நிவாரணமும் சேரும். போரிலோ, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை போன்றவற்றிலோ காயம்பட்டவர்களுக்கு வார் இஞ்சுரி பென்ஷன் என்று தனிக் கணக்கு உண்டு, அது இதைவிடக் கூடுதல்.

போர்டு பேப்பர்ல "நானா"ன்னு போட்டிருக்கான். அப்படின்னா என்ன? ஒரேயடியா இல்லன்னுட்டானா?

மெடிக்கல் போர்டு, அதாவது பரிசோதிக்கும் ராணுவ டாக்டர்கள் குழு, ஒவ்வொரு நோய்க்கும் இரண்டு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். இது சர்வீஸால் உண்டானதா? அதற்குப் பெயர் அட்ரிபியூட்டபிள். உண்டானது வேறு காரணத்தால் என்றாலும் சர்வீஸ் நிலைமையால் முற்றியதா? அதற்குப் பெயர் அக்ரவேட்டட். ஏற்கெனவே விரிசல் இருந்த சுவர் அடைமழையில் சாய்ந்தால் மழைக்கும் அதில் பங்கு உண்டல்லவா, அந்த மாதிரி. இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" என்று இருந்தால் போதும், பென்ஷனுக்கு வழி உண்டு. இரண்டுக்கும் "இல்லை" என்றால் அதைத்தான் சுருக்கி "நானா" என்கிறார்கள்.

அது போர்டின் கருத்து, அவ்வளவுதான். அப்பீலிலும், படைக்காரர்களுக்கென்று உள்ள தீர்ப்பாயமான ட்ரிப்யூனலிலும் மாறிய "நானா"க்கள் எக்கச்சக்கம். ஆனால் ஏன் மாறியது என்று தெரியாமல் நீங்களும் போய் நின்றால் மாறாது. அதற்கு அடுத்த இரண்டு கேள்விகளையும் படியுங்கள்.

சேரும்போது நல்லாத்தான இருந்தேன். உள்ள இருக்கும்போது வந்த நோய்க்கு நான் எதுக்கு நிரூபிக்கணும்?

சரியான கேள்வி. சட்டமும் ஏறக்குறைய உங்கள் பக்கம்தான். 1982-ஆம் வருட என்டைட்டில்மென்ட் ரூல்ஸ் இப்படிச் சொல்கிறது: சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் ஆள் முழு ஆரோக்கியத்தோடு வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டால் அந்தக் கேடு சர்வீஸால் வந்தது என்றுதான் முதலில் கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையதல்ல. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே. ஃபீல்டில், அதாவது எல்லை மாதிரிக் களப்பணியில், இருந்தவருக்கு அந்தச் சலுகை இன்னும் தாராளமாக.

இதைத்தான் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் பலமாகச் சொன்னது. அவருக்கு வலிப்பு நோய். சேரும்போது ஒரு குறிப்பும் இல்லை. "இந்த நோயைச் சேரும்போதே கண்டுபிடித்திருக்க முடியாது" என்று போர்டு சொல்ல விரும்பினால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும், காரணமில்லாத கருத்து செல்லாது என்றது நீதிமன்றம். 2014-இல் சுக்விந்தர் சிங், 2015-இல் ராஜ்பீர் சிங் வழக்குகளும் அதே பாதைதான்.

ஒரு எச்சரிக்கை. 1982 ரூல்ஸ் எல்லாருக்கும் பொருந்தாது. 2008 ஜனவரி 1 முதல் வெளியே வந்தவர்களுக்கு 2008 ரூல்ஸ். அதில் பழைய அனுமானம் அதே வார்த்தைகளில் இல்லை. ஆனாலும் "சாதாரணமாகக் கேட்பவர் நிரூபிக்க வேண்டியதில்லை" என்ற வரி இருக்கிறது. 2023 செப்டம்பர் 21-க்குப் பின் ஓய்வு பெற்றவர்களுக்கு 2023 ரூல்ஸ். அது முன்தேதியிட்டுப் பழைய ஆட்கள் மேல் பாயாது. முதலில் நீங்கள் எந்தத் தேதியில் வெளியே வந்தீர்கள் என்று டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்த ஆர்டரை அப்படியே நகலெடுத்து எழுதிப் போடுவதால்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

இவ்வளவு பேப்பர் கெடக்கு. இதுல எதை மொதல்ல பாக்கணும்?

ரிலீஸ் மெடிக்கல் போர்டு, அதாவது ஆர்எம்பி. உடல்நிலை காரணமாகப் பாதியில் அனுப்பப்பட்டவருக்கு அது இன்வேலிடிங் மெடிக்கல் போர்டு. படிவத்தின் பெயர் ஏஎஃப்எம்எஸ்எஃப் 16. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இதை ஒருமுறைகூடப் படித்ததில்லை. வக்கீலைத் தேடும் முன் இதைப் படியுங்கள். உங்கள் கேஸ் ஜெயிப்பதும் தோற்பதும் அநேகமாக இந்த சில பக்கங்களில்தான்.

பார்க்க வேண்டியது நான்கு இடம். நோய் முதலில் எந்தத் தேதியில், எந்த ஊரில் தெரிந்தது என்ற வரி ஒன்று. நீங்களே கையெழுத்துப் போட்ட பெர்சனல் ஸ்டேட்மென்ட் இரண்டாவது. "சேரும் முன் இந்த நோய் இருந்ததா" என்ற கேள்விக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அவசரத்தில் யாரோ நிரப்பிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் நிறைய. மூன்றாவது, போர்டின் காரணம். "கான்ஸ்டிட்யூஷனல்" (உடல்வாகால் வந்தது), "ஆன்செட் இன் பீஸ் ஏரியா" (களப்பணி இல்லாத அமைதியான இடத்தில் தொடங்கியது) என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் மேலே சொன்ன தரம்வீர் சிங் தீர்ப்பு உங்களுக்குக் கைகொடுக்கும். விலாவாரியாகக் காரணம் எழுதியிருந்தால் வேலை கஷ்டம், அந்தக் காரணத்தை மருத்துவ ஆவணத்தால் உடைக்க வேண்டும். நான்காவது சதவீதமும், அது எத்தனை காலத்துக்கு என்பதும்.

இன்னும் சர்வீஸில் இருக்கும் தம்பிகள் இதைப் படித்தால்: போர்டில் உட்காரும் முன் பெர்சனல் ஸ்டேட்மென்டை நீங்களே நிரப்புங்கள். எந்த இடத்தில், என்ன டூட்டியில், எப்போது முதலில் ரிப்போர்ட் செய்தீர்கள் என்று எழுதுங்கள். இருபது வருடம் கழித்து அந்த ஒரு வரிக்கு விலை தெரியும்.

2023 வெள்ளத்துல வீட்டுக்குள்ள ஆத்துத்தண்ணி வந்து எல்லா பேப்பரும் போயிட்டு. இனி என்ன செய்ய?

அந்த டிசம்பரில் தாமிரபரணிக் கரையில் பலருக்கு இதுதான் கதை. பயப்பட வேண்டாம், மருத்துவத் தாள்களின் அசல் உங்களிடம் இருந்ததே இல்லை. அது ரெக்கார்டு ஆபீஸில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு, இஎம்இ என்றால் செகந்திராபாத், டிஎஸ்சி என்றால் கண்ணூர்.

ரெஜிமென்ட் நம்பர், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி போட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும், இணையத்திலும் போடலாம். "என் ஆவணம் எல்லாம் வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். சேரும்போது செய்த மருத்துவப் பரிசோதனைத் தாள், கேட்டகரி போர்டுகள் (இடையில் உடல்தகுதியை மதிப்பிட்ட தாள்கள்) எல்லாம், ஆர்எம்பி, அடிபட்டிருந்தால் இஞ்சுரி ரிப்போர்ட், போஸ்டிங் விவரம், பென்ஷன் மறுத்த கடிதம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சேரும்போது எடுத்த தாளை மறக்கக் கூடாது. "சேரும்போது ஒன்றுமில்லை" என்பதற்கு அதுதான் சாட்சி.

கால்பந்து விளையாடும்போது முட்டி போயிட்டு. அது டூட்டியா அண்ணாச்சி?

யூனிட் ஏற்பாடு செய்த விளையாட்டு, பிடி என்கிற உடற்பயிற்சி, பரேடு எல்லாம் டூட்டிதான். அடிபட்ட கேஸில் கேட்கப்படுவது ஐஏஎஃப்ஒய் 2006 என்ற இஞ்சுரி ரிப்போர்ட். கமாண்டிங் ஆபீசர் அதில் "ஆன் டூட்டி" என்று எழுதியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பெரிய விபத்து என்றால் கோர்ட் ஆஃப் என்கொயரி என்கிற ராணுவ விசாரணையும் இருக்கும், அதன் முடிவையும் கேட்டு வாங்குங்கள். நோய்க்கும் அடிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: நோய் சர்வீஸால் வந்ததா என்பது டாக்டர்கள் சொல்வது. அடி டூட்டியில் பட்டதா என்பது நிர்வாகம் முடிவு செய்வது. அதனால் அடி கேஸில் டாக்டரோடு மல்லுக்கட்டிப் பிரயோசனமில்லை.

இஞ்சுரி ரிப்போர்ட்டே எழுதவில்லை என்றால், அன்று அட்மிட் ஆன மிலிட்டரி ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி உதவும். அதில் எப்படி அடிபட்டது என்று ஒரு வரி அநேகமாக இருக்கும்.

லீவுல ஊருக்கு வந்தப்ப பைக்ல விழுந்து கால் ஒடிஞ்சிட்டு. லீவும் சர்வீஸ்தான்னு ஒருத்தர் சொல்லுதாரே?

அவர் சொல்வது சம்பளக் கணக்குக்குச் சரி. பென்ஷனுக்கு அது போதாது. 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தரம்பீர் சிங் வழக்கில், கேஷுவல் லீவில் ஸ்கூட்டர் விபத்தில் சிக்கியவருக்கு டிஸெபிலிட்டி பென்ஷன் இல்லை என்றது. விபத்துக்கும் ராணுவ வேலைக்கும் காரணத் தொடர்பு வேண்டும் என்பதுதான் அதன் சாரம். மேலே சொன்ன 2013 தரம்வீர் சிங்கையும் இவரையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஒன்று நமக்குச் சாதகம், இன்னொன்று பாதகம்.

ஆனால் பயணம் வேறு. டூட்டி இடத்திலிருந்து லீவுக்கு ஊர் வரும் வழியிலோ, லீவு முடிந்து திரும்பும் வழியிலோ நடந்தால் அதை டூட்டியாகவே பார்க்கிற விதி இருக்கிறது. ஜம்மு பக்கமிருந்து ரயிலேறி நெல்லை ஜங்ஷனில் இறங்கும்போது தவறி விழுந்தவர் கேட்கலாம். வீட்டுக்கு வந்து சேர்ந்து, மறுநாள் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும்போது விழுந்தவர் கேட்பது வீண். லீவ் சர்டிபிகேட், டிக்கெட், ரயில்வே போலீஸ் பதிவு, முதலில் சேர்த்த ஆஸ்பத்திரிச் சீட்டு, இந்த நான்கிலும் தேதியும் நேரமும் ஒத்துப்போக வேண்டும்.

பிபியும் சுகரும் சர்வீஸ்லதான் வந்துச்சு. "பீஸ் ஸ்டேஷன்ல வந்தது"ன்னு சொல்லி தள்ளிட்டாங்க.

அதிகமாக வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இதய நோய் மூன்றையும் போர்டுகள் வாழ்க்கைமுறை நோய் என்று ஒதுக்கப் பார்க்கும். மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டி நூல் ஒன்று உண்டு. அதன்படி ஃபீல்டு, உயரமான மலைப்பகுதி, தீவிரவாத எதிர்ப்புப் பணி போன்ற இடங்களில் இருக்கும்போது கொதிப்பு வந்திருந்தாலோ முற்றியிருந்தாலோ சர்வீஸ் தொடர்பைப் பார்த்தாக வேண்டும். இதய நோய்க்கு இன்னொன்றும் பார்ப்பார்கள். அட்டாக் வருவதற்கு முந்தைய 14 நாள் என்ன வேலை செய்தார் என்று யூனிட்டிடம் விவரம் கேட்பார்கள். அந்த 14 நாள் ரிப்போர்ட்டில் இரவுக் காவலும் நீண்ட மார்ச்சும் இருந்தும் யாரும் எழுதாமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பீஸ் ஸ்டேஷன் விஷயம். நோய் தெரிந்த தேதி பீஸில் விழுந்தது என்பதற்காக அது பீஸில்தான் உண்டானது என்று ஆகிவிடாது. மூன்று வருடம் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் காஷ்மீரில் இருந்துவிட்டு, பெங்களூரு வந்த நான்காம் மாதம் செக்கப்பில் பிபி தெரிகிறது என்றால் அந்த மூன்று வருடத்தைப் பேப்பரில் காட்ட வேண்டும். அதற்குத்தான் போஸ்டிங் விவரம் கேட்கச் சொன்னேன். பீஸ் போஸ்டிங் என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி மறுக்க முடியாது, பீஸிலும் ராணுவ வேலைக்கு அழுத்தம் உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஒரு சர்க்கரை நோய் வழக்கில் சொல்லியிருக்கிறது.

அதே நேரம், சர்வீஸ் முழுக்க பீஸில் இருந்து, குடும்பத்தில் அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை, எடையும் கூடுதல் என்று ஆர்எம்பியில் காரணத்தோடு எழுதியிருந்தால் நான் யாரையும் ஆசை காட்டி அனுப்புவதில்லை. 2023 ரூல்ஸுக்குள் வருகிறவர்களுக்கு இந்த நோய்களில் கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது.

மன நோய்னு போட்டு அனுப்பிட்டாங்க. அதுக்கும் கேக்கலாமா?

கேட்கலாம், ஆனால் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் உண்டு. 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. விட்டுவிட்டு வரும் மனநோயைச் சேரும்போது ஒரு பரிசோதனையில் கண்டுபிடித்திருக்க முடியாது என்றது. 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கில், போர்டு காரணமே எழுதாத நிலையில், பென்ஷன் தரச் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் மறுபடியும் ஆர்எம்பியில் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதிலேயே வந்து நிற்கும். வீட்டார் வெட்கப்பட்டு இந்தப் பேப்பரை ஒளித்துவைப்பதுதான் நம் பக்கத்துப் பிரச்சினை. எடுத்துப் படியுங்கள்.

"ஸ்மோக்கர்"னு எழுதியிருக்கான். எவன் பீடி குடிக்கல அங்க?

குடி, புகையிலை, போதைப்பொருள் இவற்றின் மிதமிஞ்சிய பழக்கத்தால் வந்த கேட்டுக்கு இல்லை என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் பழக்கம் இருந்தது வேறு, அந்தப் பழக்கத்தால்தான் இந்த நோய் வந்தது என்பது வேறு. "ஸ்மோக்கர்" என்று ஒரு ஓரத்தில் எழுதிவிட்டு முட்டி வலிக்கு நானா போட்டிருந்தால் அதைச் சும்மா விடக் கூடாது.

எனக்கு 15 பர்சன்ட்தான் போட்டிருக்காங்க. 20 இல்லன்னா ஒண்ணுமே கெடையாதா?

நீங்கள் எப்படி வெளியே வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. காலம் முடிந்து இயல்பாக வந்தவர் என்றால் 20-க்குக் கீழே டிஸெபிலிட்டி எலிமென்ட் இல்லை. 2019 டிசம்பரில் விங் கமாண்டர் ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது. உடல்நிலை காரணமாகப் பாதியில் அனுப்பப்பட்டவர் என்றால் கதை வேறு. வேலைக்கே லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டு 20-க்குக் கீழே என்று சொல்வது பொருந்தாது, 20-க்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்பது 2014 சுக்விந்தர் சிங் தீர்ப்பு.

இரண்டு மூன்று கோளாறுகள் இருந்தால் தனித்தனி சதவீதத்தைப் பார்க்காதீர்கள். போர்டு சேர்த்துப் போட்ட காம்போசிட் சதவீதம் என்ன, அதில் எந்தெந்த நோய்க்கு சர்வீஸ் தொடர்பு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

30 பர்சன்ட் உள்ளவருக்கு 50-க்கு உண்டான பணம் வருதாமே, எப்படி?

அதற்குப் பெயர் பிராட் பேண்டிங், ரவுண்டிங் என்றும் சொல்வார்கள். 20 முதல் 49 வரை உள்ளதை 50 என்றும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 என்றும், 76 முதல் மேலே உள்ளதை 100 என்றும் எடுத்துக்கொள்வார்கள். முதலில் இது பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்றது. ஏற்கெனவே டிஸெபிலிட்டி எலிமென்ட் வாங்குகிறவர்கள் பிபிஓவை, அதாவது பென்ஷன் பேமென்ட் ஆர்டரை, எடுத்துப் பாருங்கள். இன்னும் 30 என்றே கணக்குப் போட்டிருந்தால் கேட்க வேண்டியது புதுக் க்ளெய்ம் இல்லை, ரவுண்டிங் மட்டும்.

நானே எழுதிக் குடுத்துட்டுதான் வந்தேன், வீட்டுல அம்மாவுக்கு முடியல. எனக்குக் கெடைக்குமா?

2006 ஜனவரி 1-க்குப் பின் விருப்ப ஓய்வில் வந்தவர்களுக்கும், சர்வீஸ் தொடர்புள்ள ஊனம் 20 சதவீதமோ மேலோ இருந்தால் உண்டு. அதற்கு முன்னால் வந்தவர்களுக்கும் 2017-இல் அரசு வழி திறந்தது. "சொந்தக் காரணத்துக்காக வந்தவர்" என்ற வரியைக் காட்டி யாராவது மறுத்திருந்தால் அந்த மறுப்பு பழைய ஆர்டர்தானா என்று பாருங்கள்.

வெளிய வந்து அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் முதுகுத்தண்டு கோளாறு தெரிஞ்சுது. இப்ப கேக்க முடியுமா? நம்ம ஊரு டாக்டர் சர்டிபிகேட் இருக்கு.

ஓய்வு பெற்று 7 வருடத்துக்குள் வெளிப்பட்ட நோய்க்கு விதி இருக்கிறது. சர்வீஸில் தொடங்கிய ஒன்றுதான் தாமதமாக வெளிப்பட்டிருக்கிறது என்று ராணுவ மருத்துவ அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும். லேசான காரியமில்லை. சர்வீஸில் இருக்கும்போது ஒருமுறையாவது முதுகுவலி என்று எம்ஐ ரூமில், அதாவது யூனிட் மருத்துவ அறையில், ரிப்போர்ட் செய்த பதிவு கிடைத்தால் அதுதான் பிடி.

ஊர் டாக்டர் சர்டிபிகேட் தனியாக நிற்காது. நோய் இருக்கிறது என்று அவர் சொல்லலாம், யாரும் மறுக்கப் போவதில்லை. பட்டாளத்தால் வந்தது என்று சொல்ல அவரிடம் என்ன ஆதாரம்? எக்ஸ்ரே, ஸ்கேன், எத்தனை வருடமாக இருக்கக்கூடிய தேய்மானம் என்ற ஸ்பெஷலிஸ்ட் குறிப்பு, இவற்றை மனுவோடு இணையுங்கள். ட்ரிப்யூனல் தேவைப்பட்டால் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் மறுபடி போர்டு வைக்கச் சொல்லும். நமக்குக் கிட்டத்தில் உள்ள மிலிட்டரி ஆஸ்பத்திரி திருவனந்தபுரம் பாங்கோடு. எங்கே வரச் சொல்கிறார்களோ அங்கே போக வேண்டும், போகாமல் இருந்தால் கேஸ் படுத்துவிடும்.

எங்க அப்பாவுக்கு போர்டு 40 பர்சன்ட் சர்வீஸ்னாலதான்னு எழுதியிருக்கு. அலகாபாத்ல இருந்து இல்லன்னு லெட்டர் வந்திருக்கு, 1990-ல. அது எப்படி?

பழைய கேஸ்களில் இது ஒரு புதையல் மாதிரி, ஆனால் பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் அலகாபாத் பென்ஷன் கணக்கு அலுவலகத்தில் ஆளைப் பார்க்காமலே பேப்பரை வைத்து போர்டின் கருத்தை மாற்றி எழுதினார்கள். 1993 ஜனவரியில் சாப்பர் மொகிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தவறென்றது. ஆளை நேரில் பரிசோதித்த போர்டின் கருத்தை, வேறு உயர் போர்டு பரிசோதிக்காமல், அலுவலகம் தள்ள முடியாது. போர்டுத் தாளும் மறுப்புக் கடிதமும் இரண்டும் கையில் இருந்தால் இதைவிட நல்ல கேஸ் கிடையாது.

சரி, மறுத்துட்டாங்க. அடுத்து எங்க போக?

மறுப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் அப்பீல். ரெக்கார்டு ஆபீஸ் வழியாக அனுப்புங்கள். அதுவும் மறுக்கப்பட்டால் அடுத்த 6 மாதத்துக்குள் இரண்டாவது அப்பீல். அப்பீலில் கண்ணீர்க் கதை வேண்டாம். சேரும்போது குறிப்பு இல்லை, இந்தத் தேதியில் இந்த இடத்தில் நோய் தெரிந்தது, அதற்கு முன் இந்த ஃபீல்டில் இருந்தேன், போர்டு காரணம் எழுதவில்லை என்று நான்கு பத்தி போதும். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு தாள் இணைப்பு.

அதன் பிறகு ஆர்ம்டு ஃபோர்சஸ் ட்ரிப்யூனல். 2007 சட்டப்படி அமைந்தது, நமக்குச் சென்னை பெஞ்ச். நெல்லையிலிருந்து கொச்சி பக்கம்தானே என்று அங்கே போக முடியாது, அது கேரளக்காரர்களுக்கு. உயர் நீதிமன்றத்துக்கு ரிட் அதிகாரம் உண்டு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது ட்ரிப்யூனலுக்குப் பின் போகிற வழி, நேரே மதுரைக் கிளைக்கு ஓட வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுதவும் அனுப்பவும் உதவுவார்கள். பென்ஷன் தருவதும் மறுப்பதும் அவர்கள் கையில் இல்லை, அவர்களிடம் போய்ச் சத்தம் போடாதீர்கள்.

இருவது வருஷம் ஆயிட்டு அண்ணாச்சி. காலம் கடந்துட்டுன்னு சொல்லிர மாட்டாங்களா?

பென்ஷன் மாதாமாதம் வர வேண்டியது, அது வராத ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒரு குறை. 2008-இல் தர்செம் சிங் வழக்கில் இந்த அடிப்படையில்தான் உச்ச நீதிமன்றம் தாமதத்தை மன்னித்தது. ஆனால் நிலுவையை மனு போட்ட தேதிக்கு முந்தைய 3 வருடத்தோடு நிறுத்தியது. ஆக, உரிமை போகாது, பழைய பணம் போகும். நீங்கள் யோசித்துக்கொண்டே இருக்கும் ஒவ்வொரு மாதமும் பின்னாலிருந்து ஒரு மாதம் கழன்றுகொண்டே இருக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2008 ரூல்ஸ்படி, 15 வருடத்துக்குப் பின் கேட்கிறவரின் ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டிருந்தால் நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. முதலில் பேசிய சலுகை தலைகீழாகிவிடும். அதனால் கேஸ் போடுவதா வேண்டாமா என்று முடிவாகும் முன்பே ஆவண நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க வீட்டுக்காரர் தவறிட்டார். அவர் கேக்காம விட்டதை நான் கேக்கலாமா?

கேட்கலாம். அவர் உயிரோடு இருந்த காலத்துக்கு உண்டான டிஸெபிலிட்டி எலிமென்ட் நிலுவையை வாரிசாக நீங்கள் கோரலாம். மேலே சொன்ன 3 வருடக் கட்டுப்பாட்டை மட்டும் மனதில் வையுங்கள். மாதாமாதம் அந்த எலிமென்ட் அவரோடு நின்றுவிடும், குடும்ப பென்ஷனில் அது சேராது.

ஆனால் அவர் இறந்ததே சர்வீஸால் வந்ததாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அந்த நோயால்தான் என்றால், ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன் கேட்க இடமுண்டு. அது கடைசி ஊதியத்தில் 60 சதவீதம், சாதா குடும்ப பென்ஷனைவிட நல்ல தொகை. மரணச் சான்றிதழ் மட்டும் போதாது. ஆஸ்பத்திரி எழுதிய மரண காரணத் தாளில் அந்த நோயின் பெயர் இருக்க வேண்டும். வீட்டில் இறந்திருந்தால் கடைசிக் காலச் சிகிச்சைச் சீட்டுகளை, இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் சீட்டு உட்பட, ஒன்றுவிடாமல் எடுத்து வையுங்கள்.

தம்பி சிஆர்பிஎஃப்ல இருந்து வந்திருக்கான், மகன் அக்னிவீர். அவங்களுக்கும் இதேதானா?

இல்லை. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் எல்லாம் உள்துறை அமைச்சகத்தின் கீழ். அவர்களுக்கு மத்திய அரசு ஊழியர்களின் எக்ஸ்ட்ராஆர்டினரி பென்ஷன் விதிகள், ட்ரிப்யூனலும் இதுவல்ல. அக்னிவீருக்கு மாதப் பென்ஷன் இல்லை. சர்வீஸ் தொடர்புள்ள ஊனத்துக்கு ஒருமுறைத் தொகை: 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75-க்கு 25 லட்சம், 50-க்கு 15 லட்சம் ரூபாய். தொடர்பைக் காட்டும் முறை மட்டும் ஒன்றுதான், இஞ்சுரி ரிப்போர்ட்டை மறக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

ஒருத்தர் எல்லாத்தையும் முடிச்சுத் தாரேன், வர்ற நிலுவையில பாதி குடுங்கங்கார். குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வக்கீலுக்கு நியாயமான ஃபீஸ் வேறு, இது வேறு. முக்கியமாக, அசல் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, ஸ்பர்ஷ் என்கிற பென்ஷன் இணையதளக் கணக்கின் கடவுச்சொல், வெற்றுத்தாளில் கையெழுத்து, இந்த நான்கில் எதையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள். போட்ட மனுவின் நம்பரை எழுதி வாங்குங்கள். ட்ரிப்யூனல் மனு என்றால் அந்த நம்பரை வைத்து நீங்களே நிலவரம் பார்க்கலாம். நம்பர் தர மறுக்கிறவர் மனுவே போடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.